ஆயிரம் சொல் பாடமாக்கியும் ஐந்தரைதான்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்குச் சொல் சேர்ப்பது எப்படி?

“அக்கா, ஆயிரத்து இருநூறு சொல்லுப் பாடமாக்கினனான். பிறகும் எழுத்தில அஞ்சரைதான்.”

கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து அந்தத் தங்கச்சி தன்னுடைய சீ.ஆர். கொப்பியை என் முன்னால் விரித்தாள். தாதியாக வேலை பார்க்கிறாள். பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்ய வேண்டுமானால் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 எடுக்க வேண்டும், எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும். அவளுக்கு மற்ற மூன்றும் கிட்டத்தட்ட வந்துவிட்டன. எழுத்துத்தான் காலை வாருகிறது.

கொப்பியின் இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல், வலப்பக்கத்தில் தமிழ்ப் பொருள். ‘பிளெதறா’ என்றால் மிகுதி. ‘மிறியட்’ என்றால் எண்ணற்ற. ‘யுபிக்குவிற்றஸ்’ என்றால் எங்கும் நிறைந்த. இப்படியே நாற்பது பக்கம். மணி மணியான கையெழுத்து. அவள் கடைசியாக எழுதிப் பழகிய கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு அரசாங்கம் ‘பிளெதறா’ தாதியரை அனுப்ப வேண்டும் என்று ஒரு வசனம் இருந்தது. அந்தச் சொல்லுக்கு வெறும் மிகுதி என்று பொருள் இல்லை. தேவைக்கு மிஞ்சியது, அளவு கடந்தது என்ற சாயலும் அதில் உண்டு. வேலையில்லாமல் நிற்கிற அளவுக்குத் தாதியரை அனுப்புங்கள் என்று அவள் எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளைத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல பகிடி.

அந்தச் சொற்பட்டியலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் மேற்படிப்புக்காக நான் இந்தப் பரீட்சைக்குப் படித்தபோது, ஒரு ரியூட்டரியில் போட்டோக் கொப்பி அடித்துத் தந்த அதே பட்டியல்தான். எனக்கும் முதல் தடவை எழுத்தில் ஐந்தரைதான் வந்தது. பரீட்சைக் கட்டணம் அன்றைய என் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். பெறுபேறு இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் அலுவல் சரிவராவிட்டால் திரும்பவும் காசு கட்ட வேண்டும். சங்கிலியை அடகு வைத்துப் பரீட்சை எழுதுபவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. உங்களுக்கு எந்தப் பரீட்சை வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் இடத்திலேயே எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் தொழில்சார் பதிவுக்கும் பெரும்பாலும் ‘அக்கடமிக்’ வகையைக் கேட்பார்கள். கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிப்பவர்களிடம் ‘ஜெனரல் ட்றெயினிங்’ வகையைக் கேட்பார்கள். பிரித்தானியாவிலுள்ள கணவனிடமோ மனைவியிடமோ முதல் தடவை போகிறவருக்கு அடிப்படை மட்டத்தில் கேட்டலும் பேசுதலும் மட்டும் உள்ள ஒரு சிறிய பரீட்சை போதும். கலியாணம் முடித்துப் போகிற பிள்ளையை ‘அக்கடமிக்’ வகுப்பில் இருத்திவைத்து மாதக்கணக்கில் காசு வாங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். இந்தப் பரீட்சையில் சொல்லுக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்பது இரகசியம் அல்ல. அளவுகோலை நடத்துபவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்திலும் சரி பேச்சிலும் சரி, நான்கு விடயங்களைப் பார்த்துப் புள்ளி இடுவார்கள். சொல்வளம் அந்த நான்கில் ஒன்று. எழுத்தில் ஆறு எடுப்பவருக்கும் ஏழு எடுப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் வாசித்துப் பாருங்கள். ஆறு எடுப்பவரின் சொற்கள் வேலைக்குப் போதும், ஆனால் துல்லியம் குறைவு. துணிந்து பெரிய சொற்களை எடுத்தால் பிழைகளும் கூடவே வரும். ஏழு எடுப்பவரிடம் துல்லியம் இருக்கிறது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற உணர்வும் இருக்கிறது. அரிய சொல்லை அறிந்திருப்பது மட்டும் போதும் என்று அதில் எங்குமே சொல்லவில்லை. முழுவதையும் பாடமாக்கி எழுதிய விடை என்று உறுதியானால் புள்ளியே இல்லை.

எந்தச் சொல் எதோடு சேரும் என்பது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. தமிழில் இதை நாங்கள் யாரும் படித்துத் தெரிந்துகொண்டது கிடையாது. புட்டு அவிப்போம். தோசை சுடுவோம். கஞ்சி காய்ச்சுவோம். தேத்தண்ணி ஊத்துவோம். கொழும்பில் இருந்து வந்த ஒருவர் ‘தோசை அவித்தேன்’ என்று சொன்னால் எங்களுக்கு விளங்கும், ஆனால் சிரிப்பு வரும். ஆங்கிலப் பரீட்சகருக்கும் எங்களுடைய கட்டுரையை வாசிக்கும்போது அப்படித்தான் இருக்கும். ஆங்கிலத்தில் பிழையை ‘மேக்’ பண்ண வேண்டும், வீட்டுப் பாடத்தை ‘டூ’ பண்ண வேண்டும். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ற்றோங்’. மழைக்கு ‘ஸ்ற்றோங்’ போட்டால் தோசை அவித்த கதைதான்.

ஆகவே கொப்பியில் ஒரு தனிச் சொல்லையும் தனியே எழுதாதீர்கள். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வந்ததோ அந்தக் கூட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். ‘டிசிஷன்’ என்று எழுதினால் தீர்மானம் என்ற பொருள் மட்டும்தான் கிடைக்கும். ‘மேக் எ டிசிஷன்’ என்று எழுதினால் பரீட்சையில் பாவிக்கக்கூடிய ஒரு துண்டு கிடைக்கும். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் இரண்டினதும் கற்போருக்கான அகராதிகள் இணையத்தில் இலவசம். அவற்றில் பொருளுக்குக் கீழே உதாரண வசனங்கள் இருக்கின்றன. எங்களில் பெரும்பாலானோர் பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுகிறோம். உண்மையில் எங்களுக்குத் தேவையானது கீழே இருக்கிற அந்த வசனங்கள்தான்.

எத்தனை சொல் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். யாருடைய உதவியும் இல்லாமல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையையோ நாவலையோ வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று அவர் கணித்தார். கேட்டவுடன் மனம் விட்டுப் போகும். ஆனால் கணக்கை மறுபக்கத்தில் இருந்தும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற முதல் இரண்டாயிரம் சொற்குடும்பங்களே ஒரு சாதாரண பக்கத்தில் ஏறத்தாழ 80 வீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு மேல், எல்லாத் துறைப் படிப்புகளுக்கும் பொதுவான 570 சொற்குடும்பங்களை அவெரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000 ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டார். கல்வி சார்ந்த எழுத்தில் சுமார் 10 வீதம் இவைதான். அந்தப் பட்டியலும் இலவசம். நாளுக்கு ஏழு என்று எடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடியும். இந்த 570 இல் ‘பிளெதறா’ இல்லை, ‘மிறியட்’ இல்லை. ‘அனலைஸ்’, ‘பொலிசி’, ‘றிசோர்ஸ்’, ‘சேர்வே’ போன்ற, நாங்கள் பாதி தெரிந்து வைத்திருக்கிற சொற்கள்தான் இருக்கின்றன.

இந்தப் ‘பாதி தெரிந்து வைத்திருக்கிற’ சொற்களைப் பற்றித்தான் நான் அந்தத் தங்கச்சியோடு நெடுநேரம் கதைத்தேன். ஏனென்றால் வன்னியில் வளர்ந்த எங்களிடம் ஆங்கிலம் இல்லை என்பது முழு உண்மை அல்ல. என் பாடசாலையில் வருடக்கணக்கில் ஆங்கில ஆசிரியர் இருக்கவில்லை. ஆனாலும் பத்து வயதில் எனக்கு ‘ஷெல்’ தெரியும், ‘பங்கர்’ தெரியும், ‘கிளைமோர்’ தெரியும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்தபோது ‘ரென்ற்’, ‘றேஷன்’, ‘றெஜிஸ்ற்றேஷன்’, ‘ஐ.டி.பி.’ எல்லாம் என் அம்மம்மாவுக்கே தெரியும். அவ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவ.

இந்தச் சொற்கள் எங்களிடம் ஒரே ஒரு பொருளோடு வந்து சேர்ந்தன. அந்த ஒரு பொருளும் எங்கள் உடம்பில் பதிந்திருக்கிறது. நான் செய்து பழகிய வினாத்தாள்களில் ஒன்று கடலாமை பற்றியது. முதல் பந்தியிலேயே ‘ஷெல்’ வந்தது. ஆமை ‘ஷெல்’லுக்குள் தலையை இழுத்துக்கொண்டது என்று ஒரு சாதாரண வசனம். எனக்கு அந்தப் பந்தி ஏறவே இல்லை. திரும்பத் திரும்ப அந்தச் சொல்லில் போய் முட்டினேன். வாசித்தல் பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்வி. ஒரு சொல்லில் மூன்று நிமிடம் நின்றால் இரண்டு கேள்வி போய்விடும். அன்று அகராதியை எடுத்துப் பார்த்தேன். சிப்பியும் ‘ஷெல்’, ஆமை ஓடும் ‘ஷெல்’, முட்டைக் கோதும் ‘ஷெல்’. கச்சான் உடைத்துக் கோது நீக்குவதற்கும் அதே சொல்தான் வினையாக வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வெளிக்கோது என்ற ஒரே எண்ணம். எங்கள் மேல் வந்து விழுந்ததும் மருந்து அடைத்த கோதுதான்.

அதன் பிறகு ஒரு பக்கத்தை ஒதுக்கி இப்படியான சொற்களை எல்லாம் எழுதத் தொடங்கினேன். ‘மைன்’ எங்களுக்கு மிதிவெடி. பரீட்சையில் அது பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கம், அல்லது ‘என்னுடையது’. ‘காம்ப்’ என்றால் எங்களுக்கு ஒன்றில் இராணுவ முகாம், இல்லாவிட்டால் அகதி முகாம். கேட்டல் பகுதியில் வருவதோ பிள்ளைகள் விடுமுறைக்குப் போகிற ‘சமர் காம்ப்’. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் மாமாவுக்கு ‘ரவுண்டப்’ என்ற சொல்லோடு சேர்ந்து வருவது கோயில் வீதியில் வரிசையில் நின்றதும், தலையாட்டி வந்ததும்தான். வரைபடத்தை விபரிக்கிற எழுத்துக் கேள்விக்கு அது வேறு வகையில் உதவும். 49.7 ஐ 50 என்று எழுதுவதும் ‘ரவுண்ட் அப்’ பண்ணுவதுதான். ‘டிஸ்பிளேஸ்மென்ற்’ என்பது இடப்பெயர்வு. பௌதிகவியலில் அதே சொல் ஒரு பொருள் தள்ளிவிடும் நீரின் அளவையும் குறிக்கும். ‘றீஹபிலிற்றேஷன்’ என்றால் எங்களுக்குப் புனர்வாழ்வு முகாம் ஒன்றுதான். காலுடைந்த விளையாட்டு வீரன் திரும்ப நடக்கப் பழகுவதும், போதைக்கு அடிமையானவர் மீள்வதும், சிறையிலிருந்து வந்தவர் வேலைக்குப் போவதும் அந்தச் சொல்லுக்குள் வரும். குற்றமும் தண்டனையும் பற்றிய கட்டுரைக் கேள்வி இந்தப் பரீட்சையில் பழக்கமான ஒன்று. அதற்கு மிகவும் தேவையான சொல் இது.

இதைச் செய்வது எல்லோருக்கும் இலகு என்று நான் சொல்லமாட்டேன். சில சொற்களை எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவைத்த நாட்கள் எனக்கும் உண்டு. முடியாத சொல்லை விட்டுவிடுங்கள். ஆனால் வினாத்தாளில் அதைக் கண்டால் அதன் மற்றப் பொருள் என்ன என்பதையாவது முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், குளிரூட்டிக்குக் கீழே, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது அதை முதன்முதலாகக் கண்டுபிடிக்க முடியாது.

போருக்குப் பிறகு வந்த சொற்கள் இதைவிட இலகு. 2009 க்குப் பின் வன்னிக்குள் வந்த ஒவ்வொரு நிறுவனமும் ஒரு படிவத்தோடு வந்தது. ‘பெனிபிஷறி’, ‘லைவ்லிஹூட்’, ‘வல்னறபிள்’, ‘கம்பன்சேஷன்’, ‘டொனர்’, ‘அசெஸ்மென்ற்’. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தச் சொற்களை எங்களுடைய அம்மாக்கள் தண்ணீர் பட்ட பாடாகக் கதைப்பார்கள். இவை சும்மா சொற்கள் இல்லை. கட்டுரை எழுதும்போது எட்டுக்குப் பக்கத்தில் போகிறவர்கள் பாவிக்கிற சொற்கள். ஆனால் எங்களிடம் இவற்றின் பெயர்ச்சொல் வடிவம் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் ஒருவரைத்தான் தெரியும், குடும்பத்தைத் தெரியாது.

‘பெனிபிஷறி’யை எடுங்கள். பயனாளி. பெயர்ப் பட்டியலில் இருக்கிறோமா என்று பார்ப்பதற்காகப் பிரதேச செயலகச் சுவரில் நாங்கள் தேடிய சொல். அதன் தாய்ச் சொல் ‘பெனிபிற்’. அது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். வினையாக வரும்போது பின்னால் ‘ஃப்றொம்’ போட வேண்டும். ‘பெனிபிஷல்’ என்பது பண்புச்சொல், அதற்குப் பின்னால் ‘ரு’ அல்லது ‘ஃபோர்’. ஒரு வீட்டுத் திட்டத்தில் இருந்து ‘பெனிபிற் ஃப்றொம்’ பண்ணலாம், ஒரு வீட்டுத் திட்டம் மக்களுக்கு ‘பெனிபிஷல்’ ஆக இருக்கலாம், அப்போது மக்கள் ‘பெனிபிஷறீஸ்’. கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாமல் இருப்பதற்கு இப்படிக் குடும்பத்தைத் தெரிந்து வைத்திருப்பதுதான் வழி. ‘கம்பன்சேஷன்’ தெரிந்தவர் ‘கம்பன்சேற் ஃபோர்’ என்பதையும் எழுதட்டும். ‘டொனர்’ தெரிந்தவர் ‘டொனேற்’, ‘டொனேஷன்’ இரண்டையும் எழுதட்டும். தாதித் தங்கச்சிக்கு ‘பிளட் டொனர்’ நான் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

துல்லியம் என்று அந்த அளவுகோலில் இருக்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவைத்தது எந்த ஆங்கில ஆசிரியரும் அல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாக்கள் போராட்டம் தொடங்கிய பிறகு ஒரு செய்திக்காகப் போயிருந்தேன். ஓர் அம்மாவிடம் “உங்கட மகன் எப்ப காணாமல் போனவர்?” என்று கேட்டேன். “காணாமல் போகேல்லப் பிள்ளை. காணாமல் ஆக்கினவை. அப்பிடி எழுதுங்கோ” என்றா. போனது யார், ஆக்கியது யார் என்பது ஒரு வினைச்சொல்லில் மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ளது ‘மிஸ்ஸிங்’ என்ற சொல். சர்வதேச சமவாயத்தின் பெயரில் உள்ளது ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியறன்ஸ்’. இரண்டும் ஒரே அர்த்தம் என்று சொற்பட்டியல் சொல்லும். அந்த அம்மா ஒத்துக்கொள்ளமாட்டா. அகராதியில் ஒரே பொருள் போட்டிருக்கிற இரண்டு சொற்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அவவின் ஞாபகம் வரும். எது யாரைச் சுட்டுகிறது, எது மறைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற ஆங்கிலச் சொற்களில் சில ஆங்கிலமே அல்ல. ‘ரியூட்டரி’ என்ற சொல்லை இங்கிலாந்தில் சொன்னால் யாருக்கும் விளங்காது. நாங்கள் ‘கம்பஸ்’ என்பது பல்கலைக்கழகத்தை. அவர்களுக்கு அது கட்டடங்களும் வளவும் மட்டும்தான். நான் முதல் தடவை பேச்சுப் பரீட்சையில், ஊடகக் கற்கையில் ‘பாஸ் அவுட்’ ஆனேன் என்று பெருமையாகச் சொன்னேன். பரீட்சகர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகுதான் தெரிந்தது, பட்டம் பெற்றதற்கு ‘கிறாஜுவேற்’ என்பதுதான் சொல். நான் சொன்னதை அங்கே பெரும்பாலும் மயங்கி விழுந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

எழுத்துக் கூட்டல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். உங்கள் கொப்பியில் தயவுசெய்து இப்படி எழுத வேண்டாம். ‘கோட்’ என்று எழுதினால் அது மேலங்கியா, ஆடா, இரகசியக் குறியீடா என்று நாளைக்கு உங்களுக்கே தெரியாது. தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது. காதும் அதற்கேற்பப் பழகிவிடும். கேட்டல் பகுதியில் எழுத்துப் பிழை இருந்தால் விடை பிழைதான், அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. தங்குமிடத்தைக் குறிக்கிற ‘அக்கொமொடேஷன்’ என்ற சொல்லுக்கு இரண்டு ‘சி’, இரண்டு ‘எம்’. அந்தச் சொல் வராத பயிற்சி வினாத்தாளைக் காண்பது அருமை. ஒவ்வொரு புதிய சொல்லையும் கைபேசி அகராதியில் ஒலியைக் கேட்டு, வாயால் சொல்லி, கையால் ஒருதரம் எழுதிப் பாருங்கள்.

எழுதியதை மறக்காமல் வைத்திருப்பது எப்படி? 1885 இல் ஜெர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, அர்த்தமில்லாத அசைகளைப் பாடமாக்கி, எவ்வளவு வேகமாக மறக்கிறார் என்று அளந்து வெளியிட்டார். மறதி முதல் நாளில்தான் மிகக் கடுமை. பிறகு மெதுவாகும். ஆகவே ஒரே இரவில் நூறு சொல்லை ஐம்பது தரம் சொல்வதைவிட, பத்துச் சொல்லை இன்றைக்கு, நாளைக்கு, மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து, ஒரு மாதம் கழித்து என்று பார்ப்பது பலன் தரும். செபஸ்டியான் லைட்னர் என்ற இன்னொரு ஜெர்மனியர் 1970 களில் இதற்கு ஒரு பெட்டி முறையைச் சொன்னார். சப்பாத்துப் பெட்டி ஒன்றில் மட்டையால் ஐந்து தட்டுப் பிரியுங்கள். சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்குப் போகும், பிழை விட்டது திரும்ப முதல் தட்டுக்கு வரும். முதல் தட்டை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும், கடைசித் தட்டை மாதத்தில் ஒருநாள் பார்த்தால் போதும். இதையே செய்கிற கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. டேற்றா போடக் காசில்லாத நாளிலும் பெட்டி வேலை செய்யும்.

வாசிப்பதற்கு நான் கண்ட மலிவான வழி இது. காலையில் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியை வாசியுங்கள். அதே செய்தியைக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் இணையத்தளத்தில் தேடி வாசியுங்கள். காணி விடுவிப்போ, மீனவர் பிரச்சினையோ, நெல் விலையோ, விடயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்க முடியும். ஒரே விடயத்தை வேறு சொற்களில் சொல்வதுதான் இந்தப் பரீட்சையின் வாசித்தல் பகுதியின் முழு உத்தியும். பந்தியில் ‘நெல் விளைச்சல் சரிந்தது’ என்று இருந்தால் கேள்வியில் ‘விவசாய உற்பத்தி வீழ்ச்சி கண்டது’ என்று வரும். பந்தியில் இருக்கிற அதே சொல்லைக் கேள்விக்குள் தேடினால் ஏமாந்து போவீர்கள். காதுக்கு, பி.பி.சி.யின் ‘சிக்ஸ் மினிற் இங்கிலிஷ்’ இலவசமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் போகிற நேரம் போதும்.

பேச்சுப் பகுதியைப் பற்றி எந்த ரியூட்டரியிலும் சொல்லித்தராத ஒன்று உண்டு. பதினொன்று முதல் பதினான்கு நிமிடம், ஒரு பரீட்சகருக்கு முன்னால் இருந்து கதைக்க வேண்டும். உங்கள் ஊர் எது, சின்ன வயதில் இருந்த வீடு எப்படி, உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஆரம்பிப்பார்கள். அவருக்கு அது சாதாரண கேள்வி. ஒரு நிமிடம் ஆயத்தம் செய்து இரண்டு நிமிடம் பேசச் சொல்கிற பகுதியில் சிறுபராய நினைவு ஒன்றைச் சொல்லச் சொல்வதும் உண்டு. எங்களில் பலர் அந்த இடத்தில் பேச்சிழந்து போகிறார்கள். ஆங்கிலம் தெரியாததால் அல்ல. தங்கச்சியும் முதல் தடவை அப்பாவைப் பற்றிய கேள்வியில் அழுதுவிட்டதாகச் சொன்னாள்.

பரீட்சகர் புள்ளி இடுவது மொழிக்கு. நீங்கள் சொல்வது உண்மையா என்று அவர் பார்ப்பதில்லை. எரிந்த வீட்டுக்குப் பதிலாக அம்மம்மாவின் வீட்டைச் சொல்லலாம். பக்கத்து வீட்டு மாமரத்தை உங்களுடையதாக்கலாம். சொல்ல விருப்பமில்லாத கேள்வியாக இருந்தால், ‘அதைப் பற்றி நான் அதிகம் கதைக்க விரும்பவில்லை, ஆனால் இதைச் சொல்கிறேன்’ என்று பணிவாக வழிமாற்றுகிற ஓர் ஆங்கில வசனத்தை முன்கூட்டியே வைத்திருங்கள். ஒரேயொரு வசனத்தை மட்டும் பாடமாக்குவதென்றால் நான் அதைத்தான் பாடமாக்கச் சொல்வேன். சொல்ல விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், ஆனால் வீட்டில் யாராவது ஒருவருக்கு முன்னால் இரண்டு மூன்று தரம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தங்கச்சியின் அடுத்த பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போன கிழமை பெட்டியின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். மருந்துப் பெட்டி ஒன்றை வெட்டிச் செய்திருக்கிறாள். முன்னால் தெரிந்த அட்டையில் ‘டிஸ்சார்ஜ்’ என்று இருந்தது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது, புண்ணில் இருந்து வடிவது, பட்டரி இறங்குவது, ஆற்றில் விடும் கழிவு நீர், படையில் இருந்து விலக்குவது என்று கீழே ஐந்து வசனங்கள். முதல் இரண்டும் தனக்கு முதலே தெரியும் என்று எழுதியிருந்தாள்.